ஓட்டு பதிவாவதற்கு முன்பே மாறிவிட்டால் பிளாக்செயின் என்ன செய்யும்?

தேர்தல் முடிவில் சந்தேகம் கிளம்பும்போதெல்லாம் "ஓட்டை பிளாக்செயினுக்கு மாற்றிவிட்டால் யாரும் தில்லுமுல்லு செய்ய முடியாது" என்று யாராவது எழுதுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் இது தேர்தலை இன்னும் பலவீனமாக்கும் யோசனை. ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன்.

பிளாக்செயின் என்பது பதிவுகளைத் தொகுதி தொகுதியாகச் சங்கிலிபோல் கோத்து, பல கணினிகளில் பிரதி வைக்கும் பதிவேடு. அதற்கு உருப்படியாகத் தெரிந்தது ஒரே வேலை: பதிவான ஒன்றைப் பிறகு யாரும் சத்தமில்லாமல் திருத்த முடியாமல் செய்வது. ஒவ்வொரு பிளாக்கிலும் (தொகுதியிலும்) முந்தைய பிளாக்கின் ஹாஷ், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற ஓர் எண், இருக்கும். பழைய பதிவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின் வருவது எதுவும் பொருந்தாது. அருமையான ஏற்பாடுதான். ஆனால் பதிவாவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

போனில் ஓட்டுப் போடுகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அடையாளம் சரிபார்க்கப்பட்டதும் வேட்பாளர் பட்டியல் வருகிறது. முதல் வேட்பாளரைத் தொடுகிறார். ஆப் அந்தத் தேர்வைக் குறியாக்கம் செய்து (பிறர் படிக்க முடியாதபடி மாற்றி), அவருடைய ரகசியச் சாவியால் (அவருக்கு மட்டுமான ஒரு நீண்ட ரகசிய எண்) டிஜிட்டல் கையெழுத்திட்டு, சர்வருக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது செயினில் ஏறுகிறது. போனில் மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) இருந்தால்? திரையில் முதல் வேட்பாளரைக் காட்டிவிட்டு இரண்டாமவருக்குக் குறியாக்கம் செய்து அனுப்பும். கையெழுத்தும் சரியாக இருக்கும், ஹாஷும் சரியாக இருக்கும். தவறான ஓட்டு எல்லா நோடுகளிலும் (செயினின் பிரதியை வைத்திருக்கும் கணினிகளிலும்) அழியாமல் உட்கார்ந்திருக்கும். மறு எண்ணிக்கை கேட்டால், அதே பதிவுகளைத் திரும்பவும் கூட்டி அதே விடையைத் தருவார்கள். ஓட்டுப் போட்டவரிடம் தன் பக்கம் நியாயம் இருப்பதைக் காட்ட எந்த ஆதாரமும் இருக்காது.

இது வெறும் கற்பனை அல்ல. 2018-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் வெளிநாட்டில் இருந்த வாக்காளர்களுக்காக வோட்ஸ் என்ற பிளாக்செயின் ஆப்பைப் பயன்படுத்தியது. 2020 பிப்ரவரியில் எம்.ஐ.டி. என்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். போனைக் கைப்பற்றியவரால் ஓட்டை மாற்ற முடியும் என்றும், குறியாக்கம் செய்த தகவலின் நீளத்தை வைத்தே யாருக்கு ஓட்டு விழுந்தது என்று ஊகிக்க வாய்ப்பு இருக்கிறது என்றும் காட்டினார்கள். மாநிலம் அந்த ஆப்பைக் கைவிட்டது. 2019-இல் மாஸ்கோ நகர டூமா (நகரச் சட்டமன்றம்) தேர்தலுக்கான பிளாக்செயின் முறையில் வேறு கோளாறு. 256 பிட்டுக்கும் குறைவான, மிகக் குட்டையான சாவிகளை வைத்து மூன்று முறை குறியாக்கம் செய்திருந்தார்கள். பியரிக் கோத்ரி என்ற பிரெஞ்சு ஆய்வாளர் சாதாரணக் கணினியில், இலவச மென்பொருளை வைத்தே சுமார் 20 நிமிடத்தில் அதை உடைக்கலாம் என்று காட்டினார். இரண்டிலும் செயின் உடையவில்லை. அதை உடைக்க வேண்டிய தேவையே யாருக்கும் வரவில்லை.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ரகசியம்தான். "என் ஓட்டு சரியாகப் பதிவானதா என்று நானே செயினில் பார்த்துக்கொள்வேன்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று உங்களுக்குக் காட்டும் அதே திரை, உங்கள் ஓட்டுக்குப் பணம் கொடுத்தவருக்கும் காட்டும். மிரட்டும் முதலாளிக்கும், குடும்பத்தில் அதிகாரம் செய்பவருக்கும் காட்டும். வாக்குச்சாவடித் தடுப்புக்குள் தனியாக நிற்கும்போது "உங்களுக்குத்தான் போட்டேன்" என்று யாரிடமும் துணிந்து பொய் சொல்ல முடிகிறதே, ஏழைக்கும் பலவீனருக்கும் அதுதான் பாதுகாப்பு. இதற்கு மேல், பொதுச் செயினில் ஏறியது அழியாது. இன்றைய குறியாக்கம் முப்பது வருடம் கழித்து உடைந்தால், அன்றைக்கு யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது மொத்தமாக வெளியே வரும். கணக்குப் புத்தகத்துக்கு நல்லதான அழியாத் தன்மை, ரகசிய ஓட்டுக்கு ஆபத்து.

சாவி தொலைந்தால் என்ன என்றும் கேளுங்கள். புதுச் சாவி கிடைக்காது என்றால் அந்த வாக்காளரின் உரிமை போயிற்று. தேர்தல் ஆணையம் புதிதாகத் தரலாம் என்றால், ஆணையத்துக்குள் இருப்பவர் உங்கள் பெயரில் ஒரு சாவி எடுத்துக்கொள்ளலாம். நோடுகள் எல்லாம் ஒரே அமைப்பின் கையில் இருந்தால் அது பல பிரதிகள் கொண்ட டேட்டாபேஸ், அவ்வளவுதான். சரி, பிட்காயின் போன்ற பொதுச் செயினுக்குப் போகலாம் என்றால், அது வினாடிக்குச் சுமார் 7 பரிவர்த்தனைகளைத்தான் தாங்கும்; ஒரு கோடி ஓட்டு ஏற 16 நாளுக்கு மேல் ஆகும். வேகமான செயின்கள் இருக்கின்றன, ஆனால் வேகம் எனக்குப் பெரிய பிரச்சினை அல்ல.

"வங்கிக் கணக்கையே போனில் நடத்துகிறோமே" என்பார்கள். வங்கிப் பரிவர்த்தனையில் உங்கள் பெயர் இருக்கிறது, ஸ்டேட்மென்ட் வருகிறது, பணம் போனால் புகார் கொடுத்துத் திரும்பப் பெற வழி இருக்கிறது. ஓட்டில் பெயரைத் துண்டித்தே ஆக வேண்டும். துண்டித்த பிறகு எந்த ஓட்டு தவறானது என்று தேடி எடுக்க முடியாது.

அப்படியானால் முடிவை எப்படி நம்புவது? காகிதம். வாக்காளர் கண்ணால் பார்த்து உறுதி செய்த காகிதச் சீட்டு, அதைக் காவல் காக்கும் முத்திரையும் கையொப்பப் பதிவேடும், பிறகு குலுக்கல் முறையில் சீட்டுகளை எடுத்துச் சரிபார்க்கும் தணிக்கை. இந்தத் தணிக்கையின் அழகு கணக்கில் இருக்கிறது. இருவர் போட்டியில் ஒருவர் 55, மற்றவர் 45 சதவீதம் பெற்றதாக அறிவிப்பு வருகிறது என்று வையுங்கள். அறிவிப்பு உண்மை என்றால், தவறான முடிவு நழுவிப்போகும் வாய்ப்பை 5 சதவீதத்துக்குள் அடக்கச் சராசரியாகச் சுமார் 600 சீட்டுகளைக் கையால் பார்த்தால் போதும். மொத்த ஓட்டு ஒரு லட்சமா, ஒரு கோடியா என்பதால் அந்த எண் பெரிதாக மாறாது. வித்தியாசம் பாதியானால் நான்கு மடங்கு, சுமார் 2,400 சீட்டுகள் வேண்டும். மிக நெருக்கமான போட்டியில் முழுவதையும் எண்ணிவிட வேண்டியதுதான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 முதல் இத்தகைய தணிக்கையை மாநிலம் முழுக்க நடத்துகிறது. எந்தச் சீட்டை எடுப்பது என்பதை எல்லோர் முன்னிலையிலும் பகடை உருட்டித் தீர்மானிக்கிறார்கள். பார்ப்பவருக்குக் குறியாக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009-இல் சொன்னதும் இதைத்தான்: தேர்தலின் முக்கியக் கட்டங்களைத் தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் சிரமம் உண்மையானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அதற்கும் வழி இருக்கிறது. வெற்று வாக்குச்சீட்டை இணையத்தில் அனுப்புங்கள். அவர் அச்சிட்டுக் குறித்துத் தபாலில் திருப்பி அனுப்பட்டும். அமெரிக்காவில் 2009-இல் வந்த சட்டப்படி, கூட்டாட்சித் தேர்தலுக்கு 45 நாள் முன்னதாக, கேட்டவர்களுக்கு இப்படி அனுப்ப வேண்டும். போகும் வழியில் இணையம் பாதி நேரத்தை மிச்சப்படுத்துகிறது, திரும்பி வருவது காகிதமாகவே வருகிறது.