பட்டினி கிடந்தால் பங்க் ஆகிவிடாது

பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் இசையை வாசிக்கும் பேண்டுகளின் டூர் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஓட்டை வேன், காலி வயிறு, முன்பின் தெரியாதவர் வீட்டுத் தரையில் தூக்கம், மேடையில் அடிதடி. இத்தனையும் பட்டதால்தான் அந்த இசைக்கு அவ்வளவு வேகம் வந்தது என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. பல வருடங்களாக இந்த இசையைக் கேட்கிறேன். அந்த பேண்டுகளின் பேட்டிகள், நாட்குறிப்புகள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். அவர்களைச் சாலையில் நிற்க வைத்தது செலவைக் குறைக்கத் தெரிந்த புத்தியும், ஊர் ஊராக அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட மனிதர்களும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கஷ்டம் இருந்தது, நிறையவே இருந்தது. அது பல பேண்டுகளை அழித்தும்விட்டது.

முதலில் டூரில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம். மேடையில் நிற்பது நாற்பது நிமிடம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் ஓட்டுவது, சுமப்பது, காத்திருப்பது. அமெரிக்காவில் ஊர்களுக்கு நடுவே இருக்கும் தூரம் சாதாரணமானது இல்லை. சியாட்டிலிலிருந்து மினியாபோலிஸ் போக 2,600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். பாரம் ஏற்றிய பழைய வேன் லிட்டருக்கு ஆறேழு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். ஆகவே இடையில் எந்தச் சின்ன ஊரில் யார் கூப்பிட்டாலும் நின்று வாசித்தாக வேண்டும், அடுத்த ஊருக்கு பெட்ரோல் போடுவதற்காகவாவது. பெரிய நகரங்களில் மட்டும் இருந்திருக்க வேண்டிய இந்த இசை உள்நாட்டுச் சின்ன ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்ததற்கு இந்த பெட்ரோல் கணக்கும் ஒரு முக்கியமான காரணம்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும் சாமான் இறக்க வேண்டும். பேஸ் கிட்டாருக்கான எட்டு ஸ்பீக்கர் வைத்த பெட்டி ஒன்றே அறுபது கிலோவுக்கு மேல் இருக்கும். அதை மாடிப்படியில் ஏற்றுவதற்கு ரசிகர்கள் யாரும் வரமாட்டார்கள், பேண்டே ஏற்ற வேண்டும். அப்புறம் சவுண்ட் செக். அப்புறம் மூன்று, நான்கு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது. வாசித்து முடித்து, வியர்வை காய்வதற்குள் அதே சாமான்களை மறுபடி ஏற்ற வேண்டும். எங்கே தூங்குவது என்பதே அதற்குப் பிறகுதான் தெரியும். இன்று ராத்திரி தங்க இடம் தருவீர்களா என்று மேடையிலிருந்தே மைக்கில் கேட்பது இந்த வட்டாரத்தில் சகஜமான பழக்கம். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டாலும் ஒருவர் வேனிலேயே படுக்க வேண்டியிருக்கும். கிட்டார் திருடர்களுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை. விடிந்ததும் மறுபடி சாலை. ஓட்டுகிறவர் கண் அசந்துவிடாமல் பேச்சுக் கொடுக்க ஒருவர் பக்கத்து சீட்டில் விழித்திருக்க வேண்டும் என்பது பல பேண்டுகளில் எழுதப்படாத சட்டம்.

இந்த ஓட்டத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. இரண்டும் ஒரே ஊரிலிருந்து, ஒரே நட்பிலிருந்து வந்தவை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இயன் மெக்கே, ஹென்றி ரோலின்ஸ் என்று இரண்டு பையன்கள். இருவரும் அங்கே ஜார்ஜ்டவுன் பகுதியில் ஒரே ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்தவர்கள். மெக்கேயின் முதல் பேண்டுகளில் ஒன்றான டீன் ஐடில்ஸ் 1980-இல் கலிஃபோர்னியாவுக்குப் போனபோது வேன்கூட இல்லை, கண்டம் தாண்டி பஸ்ஸில்தான் போனார்கள். ரோலின்ஸ் சாமான் சுமக்கும் உதவியாளராக (ரோடி) கூடப் போனார். சான் ஃபிரான்சிஸ்கோவின் மபுஹாய் கார்டன்ஸ் கிளப்பில், குடிக்கும் வயது வராதவர்கள் என்று தெரிவதற்காகக் கையில் பெரிய எக்ஸ் குறி போட்டு உள்ளே விட்டார்கள். திரும்பி வந்து அதையே தங்கள் ஊர் கிளப்பிலும் கேட்டு வாங்கினார்கள். டீன் ஐடில்ஸ் கச்சேரிகளில் சேர்த்த காசை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளாமல் ஒரு ரெகார்ட் போட்டார்கள். டிஸ்கார்ட் ரெகார்ட்ஸ் என்ற அவர்களுடைய ரெகார்ட் கம்பெனி அப்படித்தான் தொடங்கியது.

மறுவருடம் ரோலின்ஸ் கடையை விட்டு, இருபது வயதில், கலிஃபோர்னியாவின் பிளாக் ஃபிளாக் பேண்டில் பாடகராகச் சேர்ந்தார். கிட்டார் வாசித்த கிரெக் கின் தலைமையில் அது ஒரு பட்டாளம் மாதிரி நடந்தது. தினமும் பல மணி நேரம் பயிற்சி, அது முடிந்தால் டூர், டூர் முடிந்தால் மறுபடி பயிற்சி. அமெரிக்காவில் பங்க் பேண்டுகள் ஊர் ஊராகப் போய் வாசிக்க ஒரு தடமே இல்லாத காலத்தில், கனடாவின் டி.ஓ.ஏ. போன்ற ஒன்றிரண்டு பேண்டுகளோடு சேர்ந்து, போன் நம்பர் போன் நம்பராகச் சேர்த்து அதை உண்டாக்கியவர்கள் இவர்கள். பேஸ் வாசித்த சக் டுகோவ்ஸ்கி போனில் உட்கார்ந்து ஊர் ஊராகப் பேசி இடம் பிடித்தார். பின்னால் வந்த எல்லோரும் அவர்கள் போட்ட தடத்தில்தான் ஓட்டினார்கள். அதற்கு என் மரியாதை என்றும் உண்டு.

ஆனால் அந்த வேனுக்குள் என்ன நடந்தது என்பதை ரோலின்ஸே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1994-இல் அது புத்தகமாக வந்தது. பசி, குளிர், எச்சில் துப்புகிற கூட்டம், பாடிக்கொண்டிருக்கும்போதே காலில் சிகரெட்டை வைத்துச் சுடுகிற ரசிகர்கள். இதில் ஒரு ரெகார்ட் கம்பெனியோடு வழக்கு வேறு. அதனால் சொந்தப் பெயரில் ரெகார்ட் வெளியிட முடியாமல் போனது, கின்னும் டுகோவ்ஸ்கியும் ஐந்து நாள் சிறையில் இருந்தார்கள். புதிய ரெகார்ட் இல்லாத அந்தக் காலத்தில் டூர்தான் அவர்களுக்கு மூச்சு. பின்னால் சேர்ந்த கிரா ரோஸ்லர் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே இந்த பேண்டில் பேஸ் வாசித்தார். படிப்பையும் இந்த ஓட்டத்தையும் அவர் எப்படிச் சேர்த்து இழுத்தார் என்பது இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு ஆஹா இதுதான் வாழ்க்கை என்று சொல்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. என் கண்ணுக்கு அதில் தெரிவது, ஒவ்வொரு வருடமும் மனதை மேலும் மேலும் மூடிக்கொண்டே போகிற ஒரு இளைஞன். பேண்டில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1986-இல் பேண்டே முடிந்துவிட்டது.

இங்கே நியூயார்க்கின் ரமோன்ஸ் பேண்டையும் சொல்ல வேண்டும். 2,263 கச்சேரிகள், பெரும்பாலும் வேன் பயணம். அதில் பல வருடங்கள் பாடகர் ஜோயியும் கிட்டார் வாசித்த ஜானியும் ஒருவரோடு ஒருவர் பேசாமலேயே ஒரே வண்டியில் போனார்கள். தூரம் மனிதர்களை நெருக்கமாக்கும் என்பதெல்லாம் எப்போதும் நடப்பதில்லை.

மினிட்மென் பேண்டின் கதைக்கு வருகிறேன், என் மனதுக்கு மிக நெருக்கமானவர்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் சான் பெட்ரோ துறைமுகப் பகுதிக்காரர்கள். கிட்டாரில் டி. பூன், பேஸில் மைக் வாட், டிரம்ஸில் ஜார்ஜ் ஹர்லி. வாட்டின் அப்பா கடற்படையில் வேலை பார்த்தவர், பூனின் குடும்பமும் உழைத்துச் சாப்பிடும் குடும்பம்தான். கையைக் கடித்தால் தாங்கிப் பிடிக்க வீட்டில் பணம் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் மலிவாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். ஸ்டூடியோ வாடகை குறைவாக இருக்கும் நடு இரவில் பதிவு, ஏற்கெனவே உபயோகித்த டேப், சின்னச் சின்னப் பாட்டுகள், தாங்களே ஓட்டி, தாங்களே இறக்கி, தாங்களே ஏற்றுவது. இதற்கு அவர்கள் வைத்த பேர் எகானோ. 1983-இல் பிளாக் ஃபிளாக்கோடு ஐரோப்பா முழுக்கச் சுற்றியது, 1984-இல் நாற்பதுக்கும் மேல் பாட்டுகள் கொண்ட இரட்டை ஆல்பம் போட்டது எல்லாம் இந்த முறையில்தான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் இதுதான். கஷ்டப்பட்டால்தான் கலைஞன் என்று ஒரு தகுதி வைத்தால், அந்தப் பரீட்சையில் கடைசி வரை உட்காரக்கூடியவர் யார்? விழுந்தால் தூக்கிவிட அப்பா அம்மா இருக்கிறவர், மூன்று மாதம் சம்பளம் இல்லாவிட்டாலும் வாடகை கட்ட முடிகிறவர். வேலைக்குப் போய்க்கொண்டே வாசிக்கிற ஏழைப் பையனும், ராத்திரி யார் வீட்டுத் தரையில் படுப்பது என்பதை நாலு முறை யோசிக்க வேண்டிய பெண்ணும் அந்தப் பரீட்சையிலேயே வெளியே போய்விடுவார்கள். செலவைக் குறைத்து வைத்தால் இவர்களும் உள்ளே வரலாம். மினிட்மென் வந்தது அப்படித்தான்.

இனி மெக்கே. 1987-இல் ஃபுகாசி என்ற பேண்டைத் தொடங்கினார். வாசலில் ஐந்து டாலர் டிக்கெட், எல்லா வயதினருக்கும் அனுமதி என்பது அவர்கள் கொள்கை. இதைச் சிலர் பிடிவாதம் என்று நினைக்கிறார்கள், நான் இதை நல்ல பொருளாதாரம் என்பேன். அமெரிக்காவில் குடிக்கும் வயதை 21 ஆக்கிய சட்டம் 1984-இல் வந்தது. கிளப்புகளுக்கு வருமானம் மது விற்பனையில்தான். அதனால் பதினேழு வயதுப் பிள்ளை இருபது வயதைத் தாண்டும்வரை தனக்குப் பிடித்த பேண்டை நேரில் பார்க்கவே முடியாமல் போகலாம். எல்லா வயதினரும் வரலாம் என்று சொல்லும் பேண்டு, அந்த மது வருமானத்தை நம்பாத இடமாகத் தேட வேண்டும். சர்ச் ஹால், பள்ளி ஜிம், பழைய ராணுவத்தினர் சங்கக் கட்டடம் என்று ஃபுகாசி தேடிப் போனது. 1990 டிசம்பர் 26 அன்று லார்ட்டன் சிறையில் கைதிகளுக்காக வாசித்தார்கள்.

ஐந்து டாலரில் எப்படிக் கட்டுபடியானது? மேனேஜர் இல்லை, புக்கிங் ஏஜென்ட் இல்லை. மெக்கேயே போனில் பேசி ஏற்பாடு செய்தார். இடைத்தரகர்களுக்குப் போகிற பங்கு கையிலேயே நின்றது. ஆயிரம் பேர் வந்தால் ஐயாயிரம் டாலர். பேண்டின் பெயர் போட்ட டி-ஷர்ட்கூட விற்கவில்லை. கூட்டத்தில் யாராவது மற்றவர்களை இடித்துத் தள்ளி முரட்டுத்தனம் செய்தால் பாட்டை நிறுத்திவிட்டு, அந்த ஆளைக் கூப்பிட்டு, ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். டிக்கெட் ஐம்பது டாலராக இருந்தால் இதைச் செய்ய மனசு வருமா? அடி வாங்காமல் முன்வரிசையில் நிற்க விரும்பிய சின்னப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் அது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். ஆரம்ப மாதங்கள் போக, கடைசி வரை அதே நால்வர்தான். 2002 நவம்பரில் லண்டனில் வாசித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள், குடும்பம், குழந்தைகள் என்று வாழ்க்கை வேறு பக்கம் போனது. சண்டையில் சிதறிப்போகவில்லை. பட்டினிக் கதையைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இந்தப் பதினைந்து வருடத்தைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

பேண்டுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பல ஊர்களில் இந்தக் கச்சேரிகளை ஏற்பாடு செய்தவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். ஹாலுக்குப் பணம் கட்டி, நோட்டீஸ் ஒட்டி, ராத்திரி பேண்டு முழுவதையும் தங்கள் வீட்டு ஹாலில் படுக்க வைத்தார்கள். கான்சாஸின் லாரன்ஸ் ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில், அவுட்ஹவுஸ் என்று ஒரு வெறும் சிமென்ட் கல் கட்டடம் பல வருடம் இப்படி நடந்தது. மேக்சிமம் ராக்கன்ரோல் என்ற பங்க் இதழ் 1990களில் எந்த ஊரில் யாரைக் கூப்பிடலாம், எங்கே தங்கலாம் என்று சொல்லும் கையேடு வெளியிட உதவியது. ஐரோப்பாவிலும் இப்படி இடங்கள் உண்டு. நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் வேரா என்ற கிளப்பை நடத்துவது ஊர்த் தொண்டர்கள். அங்கே பேண்டுக்குச் சூடான சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும். அமெரிக்காவில் பச்சைத் தண்ணீருக்கே காத்துக் கிடந்த பேண்டுகள் அங்கே போய் அசந்துபோனதில் ஆச்சரியமில்லை. சமையல்கட்டில் நின்ற அந்தத் தொண்டர்களும் இந்த வரலாற்றில் கிட்டார்காரர்கள் அளவுக்கு முக்கியமானவர்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

சாலை உயிரையும் எடுக்கும். 1985 டிசம்பர் 22 அன்று அரிசோனாவில் டி. பூன் போன வேன் விபத்துக்குள்ளானது. அது கச்சேரிப் பயணம்கூட இல்லை. காய்ச்சலோடு, பெல்ட் போடாமல் பின்பக்கம் படுத்திருந்தவர் வெளியே தூக்கி எறியப்பட்டார். 27 வயது. 2003 ஜூலையில் போர்ட்லாந்தின் எக்ஸ்ப்ளோடிங் ஹார்ட்ஸ் பேண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் வாசித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் வேன் கவிழ்ந்து, நால்வரில் மூவர் இறந்தார்கள். ஆட்களை நிறைத்த பதினைந்து சீட் வேன்கள் எளிதில் கவிழும் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2001-இலேயே எச்சரித்திருந்தது. சாமானுக்கு மேல் பலகை அடித்து மெத்தை போட்டுத் தூங்கிக்கொண்டே போவதை இன்னமும் சாகசமாக எழுதுகிறார்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள், ஒரு கச்சேரி போனால் போகட்டும்.

பூன் போனதும் மைக் வாட் இசையையே விட்டுவிடும் நிலையில் இருந்தார். ஓஹையோவிலிருந்து எட் க்ராஃபோர்ட் என்ற ரசிகர் தேடி வந்து, சேர்ந்து வாசிக்கலாம் என்று விடாமல் கேட்டார். ஹர்லியையும் சேர்த்துக்கொண்டு ஃபயர்ஹோஸ் என்ற பேண்டு உருவானது. மறுபடி வேன், மறுபடி அதே சிக்கனம். இன்றுவரை தன் ஆல்பங்களைப் பூனுக்கே சமர்ப்பிக்கிறார்.

இன்று இந்தக் கணக்கு இன்னும் இறுகிவிட்டது. அமெரிக்காவுக்குப் போய் வாசிக்க விரும்பும் வெளிநாட்டு பேண்டுக்கு, விசாவுக்கான மனுக் கட்டணமே 2024 ஏப்ரலில் 460 டாலரிலிருந்து ஆயிரத்துக்கு மேல் போய்விட்டது. பேண்டு விற்கிற டி-ஷர்ட் காசிலும் பங்கு கேட்கும் அரங்குகள் இருக்கின்றன. இந்த நிலையில் புதுப் பிள்ளைகளிடம் போய் நீங்களும் கொஞ்சம் பட்டினி கிடங்கள் என்று சொல்ல எப்படி வாய் வருகிறதோ தெரியவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் உத்தரவாதம் கொடுக்காமல் பேண்டைக் கூப்பிடாதீர்கள்.

ஃபுகாசி தங்கள் கச்சேரிகளில் 800-க்கும் மேற்பட்டவற்றைப் பதிவு செய்து வைத்து, 2011 முதல் ஒவ்வொன்றாகத் தங்கள் தளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஆர்வம் இருப்பவர்கள் எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். பாட்டுகளுக்கு நடுவே மெக்கே கூட்டத்தோடு பேசுகிற இடங்களைத் தள்ளிவிடாமல் கேளுங்கள்.