சங்கிலி அளவை குத்துமதிப்பு அல்ல
செயற்கைக்கோள் கருவிகள் வரும்வரை நில அளவை வெறும் குத்துமதிப்புதான் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு, அதாவது மற்ற அளவைகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோடு, அளந்த ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன், 100 அடி எஃகுச் சங்கிலியைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகள்மேல் மரப்பெட்டிகளில் நீட்டி, வெயில் படாமல் மறைத்து, வெப்பமானியும் வைத்தார். சூட்டில் எஃகு நீளுமே, அந்த வேறுபாட்டையும் கணக்கில் சேர்த்தார். ஏறத்தாழ 12 கிலோமீட்டருக்கு 57 நாள்! இதையா குத்துமதிப்பு என்பது? நானும் சங்கிலி பிடித்தவன். ஒருமுறை, நிலத்தின் எல்லை அளவுகளைக் குறித்த பழைய புலப்படத்தின் அளவை நம்பி வரப்போரம் தோண்டினோம். இரண்டடி ஆழத்தில் கடப்பாரை 'ணங்'கென்று எல்லைக்கல்லில் மோதியது. அதுவரை வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த இரு வீட்டாரும் குனிந்து, கையாலேயே மண்ணைத் தள்ளிப் பார்த்தார்கள்.