தட்டு கழுவினால் எவ்வளவு?

போன வருடம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு விலைப்பட்டியல் ஒட்டினேன். தட்டு கழுவினால் 2 ரூபாய், துணி மடித்தால் 5, குப்பைக் கூடையை வண்டியில் கொட்டிவிட்டு வந்தால் 5. பிள்ளைகளுக்குப் பொறுப்பும் வரும், காசின் அருமையும் தெரியும் என்று ஒரு நினைப்பு. யூடியூபில் பார்த்துச் செய்தது.

பத்து நாள் ஜோராகப் போனது. அப்புறம் ஒரு நாள், முட்டி வலியோடு உட்கார்ந்திருந்த மாமியார் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். எட்டு வயது மகள் எழுந்திருக்காமலே, "எவ்ளோ தருவீங்க ஆயா?" என்றாள். அவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

வீட்டு வேலைக்குக் கூலி பேசவே கூடாது என்பது இப்போது என் கட்சி. நான் மூன்று வேளை சமைக்கிறேனே, யார் சம்பளம் தருகிறார்கள்? சாப்பிட்டவர் தட்டைக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். மகனுக்கும் அதே சட்டம். (ஆம்பளப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்கும் சொந்தக்காரர்கள் எங்களுக்கும் உண்டு. அவர்கள் காபி குடித்த டம்ளரையும் அவன்தான் கழுவுகிறான்.)

மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டும் அவன் பொறுப்பு. ஒரு திங்கட்கிழமை குப்பை வண்டி வந்தபோது போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். முந்தின நாள் துறைமுகத்தில் வாங்கிய சங்கரா மீனின் தலையும் செதிலும் கூடையில் இருந்தன. நான் கொண்டுபோய்க் கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை. சாயங்காலம் பள்ளிவிட்டு வந்தவன் வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டான். மறுநாள் வண்டியின் மணி கேட்பதற்கு முன்பே தெருவில் நின்றான்.

காசு தனிக்கணக்கு. ஞாயிறுதோறும் ஆளுக்கு 30 ரூபாய், வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும். கையில் சில்லறையாகத்தான் தருகிறேன். கடையில் நாம் போனை நீட்டினால் போதும், பொருள் வந்துவிடுகிறது. காசு குறைவது பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் முதல் வாரமே மகன் பலூன் சுட்டு முப்பதையும் தீர்த்தான். அப்புறம் பஜ்ஜி வாசம் வந்தது. தங்கை வாங்கித் தின்ன, இவன் என் முகத்தைப் பார்த்தான். எங்க வீட்டுக்காரர் கை சட்டைப்பைக்குப் போனது. முறைத்தேன், இறங்கியது. தங்கை பாதி பஜ்ஜி பிட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் ஆயா முந்தானையை அவிழ்த்து பத்து ரூபாய் கொடுத்தது வேறு கதை. நம் கண்டிப்பெல்லாம் பாட்டிமார்களிடம் செல்லாது.

நான் படித்தபோது பள்ளியிலேயே சஞ்சயிகா என்ற மாணவர் சேமிப்புத் திட்டம் இருந்தது. வாரம் ஒரு ரூபாய் கட்டிவிட்டு அட்டையை நாலு தரம் எடுத்துப் பார்ப்பேன். இப்போது 10 வயது முடிந்த பிள்ளை தபால் ஆபீஸில் தன் பெயரிலேயே கணக்கு வைத்துத் தானே நடத்தலாம், 500 ரூபாய் போட்டுத் தொடங்க வேண்டும் என்று மகனிடம் சொல்லி வைத்தேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் 340 சேர்ந்திருக்கிறது. போன ஞாயிறு பீச்சுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை என்றான். பலூன் கடை கண்ணில் பட்டுவிடுமாம்.