குளம் எங்கே முடிகிறது?

துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் 9 வருஷம் வேலை பார்த்தேன். குளங்களைச் சுற்றி எல்லை காட்டும் சிவப்பு, மஞ்சள் முளைகள் அடிப்பதும் என் வேலைதான். முதல் வாரம் தண்ணீர் ஓரமாகவே அடித்துக்கொண்டு போனேன். சூப்பர்வைசர் எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லிவிட்டார். “தண்ணியைப் பார்க்காதே, தரையைப் பார். எங்கே சரிய ஆரம்பிக்குதோ அங்கே அடி” என்றார். முளைகளின் வெளிப்பக்கத்தைத் தரைமட்டத்தில் சேர்த்துக் கயிறு பிடித்தால் அதுதான் எல்லை. முளையும் குளத்துக்குள் சேர்த்தி.

பந்து விழுந்தால் தண்டனை அடி சேரக்கூடிய இந்த இடத்துக்கு இருந்த ‘வாட்டர் ஹசார்ட்’ என்ற பெயர், 2019-ல் கோல்ஃப் விதிகளைத் திருத்தியபோது ‘பெனால்டி ஏரியா’ ஆனது. அடிப்படை மாறவில்லை. குளமோ ஓடையோ, சொட்டுத் தண்ணீர் இல்லாவிட்டாலும் அது நீர்நிலைதான். மைதானத்தை நடத்தும் கமிட்டி எல்லை குறிக்காமல் விட்டிருந்தால் இயற்கையான சரிவே எல்லை. பழைய விதி விளக்கம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். முளையைத் தப்பாக உள்ளே தள்ளி அடித்துவிட்டார்கள், பந்து முளைக்கு வெளியே ஆனால் சரிவுக்குள் கிடக்கிறது என்றால், அது குளத்தில் கிடப்பதாகத்தான் கணக்கு. கமிட்டியின் பிழையை ஆடுகிறவர் தனக்குச் சாதகமாக்க முடியாது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். எங்கள் குளத்தில் கரைப் பக்கம் பிரச்சினை இல்லை, பனை வரிசையே எல்லை சொல்லும். எதிர்ப்பக்கம், தண்ணீர் வந்து சேரும் உள்வாயில்தான் வம்பு. சரிவு அவ்வளவு மெதுவாக இறங்குவதால் சித்திரையில் பார்த்தால் குளம் என்றே தெரியாது. உடைமரமும் ஆட்டுப் புழுக்கையும்தான். அங்கே மஞ்சள் அடித்த மனைக்கற்கள் வரிசையாக நிற்கின்றன. கேட்டால், “தண்ணி எங்க தம்பி கெடக்கு? ஆடுல்லா மேயுது” என்கிறார் தரகர்.

2023 டிசம்பரில் கிடந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய அந்த மழையில், உள்வாயை ஒட்டியிருக்கும் எங்கள் பெரியம்மை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. சுவிட்ச் போர்டுக்குக் கீழே சேற்றுக்கோடு, இரண்டு தடவை வெள்ளையடித்தும் மங்கலாகத் தெரிகிறது. பெட்டியில் இருந்த பத்திரமெல்லாம் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பெரியம்மையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நட்டிருந்த கல்லை நம்பி வாங்கினார்கள். அதை அங்கே நட்டவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

குளங்களை அளந்து எல்லைக்கல் நட 2007-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. எப்படி அளப்பது என்பதில்தான் என் பேச்சு. குளம் எவ்வளவு நிறையும் என்பதை, மிஞ்சிய தண்ணீர் வழிந்து வெளியேறும் மறுகால்தான் தீர்மானிக்கிறது. மறுகால் சுவரின் உச்சியில் மட்டம் எடுத்து, அதே மட்டத்தில் உள்வாயைச் சுற்றி வந்தால் நிறைகுளத்துத் தண்ணீர் எங்கே நிற்கும் என்று தெரிந்துவிடும். கல் அதற்கு வெளியே நிற்க வேண்டும். கோடையில் கண்ணால் பார்த்து நட்ட கல்லை ஒத்துக்கொள்ளவே கூடாது.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத்தான் மனுவாகக் கொடுக்கப் போகிறோம். ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மடைப் பக்கம் வாங்க, கையெழுத்து வாங்க நான் அங்கே இருப்பேன்.