பெரியப்பா ஓடியது சிவனைப் பார்க்க

ஞாயிற்றுக்கிழமை என் பெரியப்பாவின் நினைவேந்தல் கூட்டத்தில் அந்தப் பேச்சாளர் முழங்கிய வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே நாலைந்து பேர் அனுப்பிவிட்டார்கள். அதை மறுபடி இங்கே போட மாட்டேன். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். பெரியப்பா பக்தர். படைத்தளபதி இல்லை.

"தர்மத்தைக் காத்த வீரர்", "எதிரிகளுக்குச் சிம்ம சொப்பனம்", "மாற்று மதத்தான் வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிக்காதவர்". மைக்கில் இதெல்லாம் வந்துகொண்டிருந்தபோது பெரியம்மா என் கையைத் தொட்டு, "யாரப் பத்தி மக்களே பேசுதாவ?" என்று கேட்டார். பெரியம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

யாரைப் பற்றி என்று நான் சொல்கிறேன். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடிவதற்கு வெகு நேரம் முன்பே நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெயில் ஏறினால் பால் வருவது குறைந்துவிடும், அதற்குள் அத்தனை மரத்தையும் சீவி முடிக்க வேண்டும். அப்புறம் சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் போட்டு ஷீட் அடித்து, புகைக்கூட்டில் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் சட்டையில் அந்த வாடை இருக்கும். மழை பிடித்தால் வேலை இல்லை. இலை உதிரும் மாசியிலும் வெட்டு நின்றுவிடும்.

அந்த மாசியில்தான் மகாசிவராத்திரி. கையில் காசு வராத மாதத்தில் மாலை போட்டு விரதம் இருப்பார். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று ஓடி திருநட்டாலத்தில் முடிக்கிற சிவாலய ஓட்டம். 12 கோவில், 100 கிலோமீட்டருக்கு மேல், கையில் பனையோலை விசிறி, கோவிலுக்குக் கோவில் குளித்து ஈரத்துணியோடு தரிசனம். முட்டி ஒத்துழைத்த காலம் வரை ஒரு வருடம்கூட விட்டதில்லை.

இதை அந்தப் பேச்சாளர் "அணிவகுப்பு" என்றார். அணிவகுப்பாம்! சிவனைப் பார்க்க ஓடுகிறவர்கள் வழிநெடுக என்ன கூப்பிட்டுக்கொண்டு ஓடுகிறார்கள் தெரியுமா? "கோவிந்தா, கோபாலா." பாதி மனிதன் பாதி மிருகமான புருஷாமிருகத்துக்குச் சிவனைத் தவிர வேறு பெயர் ஆகாது, பீமன் அதன் முன்னால் விஷ்ணு நாமம் சொல்லிச் சொல்லி ஓடினான், கடைசியில் நட்டாலத்தில் சிவனும் விஷ்ணுவும் ஒருவரே என்று சங்கரநாராயணர் காட்சி கொடுத்தார் என்பது கதை. ஒரு சாமியைத்தான் கும்பிடுவேன், இன்னொன்றின் பெயர் காதில் விழக்கூடாது என்று நின்ற மிருகத்துக்குப் புத்தி வந்த கதையைப் பின்னணியாக வைத்துக்கொண்டு அந்த மேடையில் அப்படி ஒரு பேச்சு.

அதே நட்டாலத்தில்தான் 1712-ல் நீலகண்டன் என்கிற தேவசகாயம் பிறந்தார். 1745-ல் ஞானஸ்நானம், 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொலை. 2022-ல் வத்திக்கானில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். துறவியாகாமல் மனைவியோடு குடும்பம் நடத்தியவர் ஒருவர் இந்தியாவிலிருந்து புனிதரானது அதுதான் முதல்முறை. அன்றைக்குப் பெரியப்பா டிவி முன்னால் உட்கார்ந்து, "நம்ம நட்டாலத்துக்காரரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மதம் மாறியவர் மேல் அவருக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்கலாம். ஊர்க்காரர் என்ற பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது.

பச்சைத்தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை அவர் முதல் பூசைக்குப் போனால் அவருடைய மரங்களையும் பெரியப்பாதான் வெட்டுவார். அம்மன் கோவில் கொடைவிழா வந்தால் பெரியப்பாவின் மரங்களை அவர் பார்த்துக்கொள்வார். ஓட்டம் முடித்துப் பாதம் வீங்கி நடக்க முடியாமல் நிற்கும் பெரியப்பாவை நட்டாலத்திலிருந்து ஸ்கூட்டரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். தண்ணீர் என்ன, அவர் வீட்டு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எங்கள் எல்லோர் உடம்பிலும் ஓடுகிறது. (விரத நாளில் மீன் கிடையாது. கமெண்டில் வரவேண்டாம்.) ஞாயிறு கூட்டத்தில் அவரும் உட்கார்ந்திருந்தார். அந்த வரி வந்ததும் தலையைக் குனிந்தவர் கடைசி வரை நிமிரவில்லை. எனக்கு ஆத்திரம் அங்கேதான்.

இனி இதற்குக் கீழே வரப்போகிறவற்றுக்குப் பதில்.

"வெளியூரில் இருந்துகொண்டு பேசாதே." சரி, வெளியூர்தான். அந்தப் பேச்சாளர் எந்த ஊர்?

"உன் பெரியப்பா மகனே சும்மா இருக்கிறான்." அவனுக்குக் கடை இருக்கிறது, அதே ஜங்ஷனில். புரிந்துகொள்ளுங்கள்.

"ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்தது, பந்தல் போட்டது எல்லாம் கூட்டம் நடத்திய அந்தப் பிள்ளைகள்தானே?" ஆமாம், அவர்கள்தான். ராத்திரி முழுக்க நின்று வேலை செய்தார்கள். அதற்கு நன்றி, சாகும்வரை நன்றி. ஆனால் பந்தலுக்கு வாடகையாக ஆளையே எடுத்துக்கொள்வீர்களா?

"1982 தெரியுமா உனக்கு?" தெரியும். மண்டைக்காட்டு அம்மன் கோவில் மாசிக் கொடையின்போது இந்து-கிறிஸ்தவ மோதலில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்ததும், அதற்குப் பிறகு நடந்ததும் இந்த மாவட்டத்தில் யாருக்குத் தெரியாது? இரண்டு பக்கமும் வலி உண்டு. பெரியப்பா அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். நாங்கள் கேட்டால் எழுந்து போய்விடுவார். அவர் பேசாமல் வைத்திருந்த ஒன்றை, அவர் செத்த பிறகு அவர் பெயரில் நீங்கள் பேசுகிறீர்கள். அதைத்தான் கேட்கிறேன்.

அவரைப் பற்றிப் பேசக் குடும்பத்தில் எத்தனை இருந்தது! கூலி வந்தால் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு முதலில் மளிகைக் கடன், அடுத்து பிள்ளைகளின் ஃபீஸ், மிச்சம் இருந்தால்தான் தனக்கு ஒரு சாயா. மகளை நர்சிங் படிக்க வைக்க ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த பால்) விற்ற காசைக்கூடத் தனியாக எடுத்து வைத்தார். டிசம்பர் 3 சவேரியார் திருவிழாவுக்கு மாவட்டமே லீவு என்றால் எங்களையெல்லாம் கோட்டாறு சவேரியார் கோவிலுக்குக் கூட்டிப்போய் மிட்டாய் வாங்கித் தருவார், அவரும் வாசலில் நின்று ஒரு கும்பிடு போடுவார். பெரியம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பார். துவையல்கூட அரைப்பார், அந்த ஊரில், அந்தக் காலத்தில். இதில் ஒன்றாவது மேடையில் வந்ததா? வராது. இதற்கெல்லாம் கைதட்டு விழாதே.

பெரியம்மாவை மேடைக்குக் கூப்பிடக்கூட இல்லை. அவர் நெற்றியில் திருநீறு போட்டுவிட்டு வாசலில் நின்று வழியனுப்பிய ஓட்டங்கள் எத்தனை! விரதச் சமையல், துணி, திரும்பி வந்தால் வெந்நீர், இதெல்லாம் யார் செய்தது? அவருக்குப் பின்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பேச்சாளருக்குச் சால்வை.

அந்தப் பேச்சாளரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் எத்தனை வருடம் ஓடியிருக்கிறீர்கள்? ஓடியதில்லை என்றால் வருகிற சிவராத்திரிக்கு முஞ்சிறைக்கு வாருங்கள். வேட்டியும் விசிறியும் என் செலவு. கல்குளம் வரையாவது வந்து காட்டுங்கள், அப்புறம் எங்கள் பெரியப்பாவைப் பற்றிப் பேசலாம்.