பண உதவி தேவைப்படும் பிள்ளைகள் ஏர்லி எங்கே போடுவது?

அமெரிக்காவில் இளங்கலை படிக்க ஆசை, வீட்டில் அதற்கான வசதி இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைகள் ஆகஸ்ட் பிறந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "ஏர்லி எங்கே போடலாம்?" என்பதுதான். ஏர்லி என்றால், ஜனவரியில் வரும் வழக்கமான (ரெகுலர்) சுற்றுக்கு முன்பே, நவம்பரில் விண்ணப்பிப்பது. பெரும்பாலும் பதிலையும் அவர்களே வைத்திருப்பார்கள்: ஹார்வர்ட், இல்லையென்றால் ஸ்டான்ஃபோர்ட். இருக்கிற ஒரே ஏர்லி வாய்ப்பை அங்கே கொண்டுபோய்ப் போடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்கிறாரா என்று பார்க்காமலே தேர்வு செய்பவை. 2022இல் டார்ட்மத்தும் போடனும் இந்த வரிசையில் சேர்ந்தன, பிறகு பிரவுன் சேர்ந்தது. இங்கெல்லாம் நவம்பரில் போட்டாலும் ஜனவரியில் போட்டாலும் உங்கள் ஏழ்மை உங்களுக்கு எதிராக நிற்காது. அதனால், பண விஷயத்தைப் பொறுத்தவரை, ஹார்வர்டுக்கு அவசரப்பட்டு நவம்பரில் போடுவதால் நமக்குத் தனி லாபம் எதுவும் இல்லை. ஏர்லியில் தேர்வு விகிதம் அதிகம் என்று காட்டுவார்கள். விளையாட்டுக்காக முன்கூட்டியே பேசி வைத்த மாணவர்களும், அங்கே படித்தவர்களின் பிள்ளைகளும் அந்த விகிதத்துக்குள் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மற்ற நல்ல கல்லூரிகளில் நிலைமை வேறு. ஸ்வார்த்மோர், ஹேவர்ஃபோர்ட், வாசர், கார்ல்டன், மெக்கலெஸ்டர் போன்றவை வெளிநாட்டு மாணவரை எடுக்கும்போது அவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதையும் பார்க்கும். ஆனால் எடுத்துவிட்டால், குடும்பம் கட்ட முடியாது என்று அவர்கள் கணக்கிடும் தொகை முழுவதையும் தந்துவிடும். இதற்கென்று ஒரு தொகைதான் ஒதுக்கியிருப்பார்கள். இடங்களில் பாதிக்கு அருகில் ஏர்லி சுற்றிலேயே நிரப்பிவிடும் கல்லூரிகள் உண்டு. அப்படியென்றால் மார்ச்சில் முடிவு சொல்லும் நேரத்தில் அந்தப் பணத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? ஏர்லியில் ஏர்லி டிசிஷன் என்று ஒரு வகை உண்டு, அதில் "இடம் கொடுத்தால் கட்டாயம் வருவேன்" என்று கையெழுத்துப் போடுகிறோம். அந்த உறுதிக்கு மதிப்பு இருப்பது இங்கேதான். என் கருத்தில், முழு உதவி தேவைப்படுகிற பிள்ளையின் ஏர்லி இந்த மாதிரிக் கல்லூரிக்குத்தான் போகவேண்டும். ஹார்வர்டை ரெகுலரில் போடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

"கட்டாயம் போகணும்னா, உதவி பத்தலைன்னா என்ன சார் பண்றது?" என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். நியாயமான பயம். ஆனால் கொடுத்த உதவியில் படிக்கவே முடியாது என்றால் அந்த இடத்தை மறுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளத்தின் விதியே அதை அனுமதிக்கிறது. அந்த ஒப்பந்தப் படிவத்தில் மாணவர், பெற்றோரோடு பள்ளியும் கையெழுத்திட வேண்டும். மேற்படிப்புக்கு வழிகாட்டும் கவுன்சிலர் இல்லாத நம் பள்ளிகளில் அது தலைமை ஆசிரியர் தலையில் விழும். ஏதோ ஜாமீன் கையெழுத்து என்று தயங்குகிறவர்களுக்கு இந்த விதியைக் காட்டுங்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு. வருடத்துக்கு 25, 30 லட்சம் கட்டக்கூடிய குடும்பம் என்றால் ஏர்லி டிசிஷன் வேண்டாம். அவர்களுக்கு மதிப்பெண் அடிப்படையில் உதவித்தொகை தரும் கல்லூரிகள் பலவற்றில் போட்டு, எது குறைவாக வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்லது. வருடச் செலவு 80,000 டாலருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 70 லட்சம் ரூபாய். இரண்டு மூன்று லட்சத்துக்கு மேல் புரட்ட முடியாத வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க என்ன இருக்கிறது?

எனக்கு மிகவும் கோபம் வருவது ஒரு விஷயத்தில். "உதவி வேண்டாம்னு டிக் பண்ணிடுங்க, சீட் கிடைச்சப்புறம் கேட்டுக்கலாம்" என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கும் கன்சல்டன்சிகள் இருக்கின்றன. விண்ணப்பிக்கும்போதே கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு வருடமும் கேட்க முடியாது என்று பல கல்லூரிகள் தெளிவாக எழுதி வைத்திருக்கின்றன. இடம் கிடைத்தும், விசாவுக்குத் தேவையான, கல்லூரி தரும் ஐ-20 படிவத்துக்கு வங்கி இருப்பைக் காட்ட வழியில்லாமல் அந்தக் குடும்பம் நிற்கும். பிள்ளையின் ஒரு வருடம் போய்விடும்.

உண்மையான வேலை அக்டோபரில், பண உதவிக்காகக் குடும்ப வருமானம், சொத்து விவரம் கேட்கும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவத்தில் இருக்கிறது. போன வருடம் திருநெல்வேலிப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அப்பாவோடு உட்கார்ந்து அதை நிரப்பினேன். வருமானம் வரைக்கும் சுலபமாகப் போனது, ரூபாயிலேயே எழுதலாம். சொத்துப் பகுதி வந்ததும் நிறுத்திவிட்டார். "பூர்வீக வயல் கூட்டுப் பட்டாவுல இருக்கு சார். அண்ணன் தம்பி மூணு பேர் பேரும் இருக்கு. நான் எதை எழுதுறது?" மொத்த வயலின் மதிப்பையும் போட்டிருந்தால் காகிதத்தில் அவர் பணக்காரர் ஆகியிருப்பார். அவர் பங்கை மட்டும் போட்டோம். பாகம் பிரிக்காமல் அதை விற்க முடியாது என்பதை, விளக்கம் எழுதும் இடத்தில் நாலு வரியில் எழுதினோம். வருமான வரிக் கணக்கு, தாசில்தார் தந்த வருமானச் சான்று, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாம் தயாராக இருந்தன. ஏர்லிக்கு நவம்பர் முதல் பாதிக்குள் இவ்வளவும் போய்ச்சேர வேண்டும். தீபாவளி நெருக்கத்தில் தாலுகா ஆபீஸில் சான்றிதழ் வாங்க அலைவதை நினைத்துப் பாருங்கள்.

வருடத்துக்கு எவ்வளவு கட்ட முடியும் என்ற கேள்விக்கு அம்மா அப்பா சேர்ந்து உட்கார்ந்து பேசி ஒரு தொகை எழுதுங்கள். பூஜ்யம் போட்டால்தான் உதவி கிடைக்கும் என்பதும் தப்பு, கௌரவத்துக்காகக் கூட்டிப் போடுவதும் தப்பு. கடன் வாங்கிக் கட்டிவிடலாம் என்று நினைத்துக் கூட்டிய தொகையை நான்கு வருடம் கட்டவேண்டியிருக்கும்.

டிசம்பர் நடுவில் முடிவு வரும். இல்லை என்று வந்தால், இதே வகைக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டாவது ஏர்லி டிசிஷன் சுற்று இருக்கிறது, கெடு ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி வரும். இடையில் அரையாண்டுத் தேர்வு வேறு. அதனால் இரண்டாவது கல்லூரியின் பெயரையும் அக்டோபரிலேயே முடிவு செய்து, அதற்கான கட்டுரையையும் எழுதி வைத்துவிடச் சொல்லுங்கள்.