‘தப்பு பண்ணிட்டோமோ’ கதைகள் ஏன் இடைவேளைக்குப் பிறகு படுத்துவிடுகின்றன?

கல்யாணம் செய்துகொண்டு வருந்துகிறவனை வைத்து ஒரு காதல் நகைச்சுவை. ஒன்லைனாகக் கேட்டால் யாருக்கும் பிடிக்கும். “சார், ஹீரோவுக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம். தப்பு பண்ணிட்டோமோன்னு தோணுது. டைவர்ஸுக்குப் போறான். அங்கதான் சார், பொண்டாட்டி மேலயே லவ் வருது.” டிஸ்கஷனில் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதையே 65 சீனாக விரித்தால் முதல் பாதி ஓடிவிடும். இடைவேளை முடிந்த கால் மணி நேரத்தில் தியேட்டரில் செல்போன் வெளிச்சம் தெரிய ஆரம்பிக்கும். பாட்டைக் கூட்டு, காமெடியனுக்கு ரெண்டு சீன் கொடு என்று ஒட்டுப்போடுவார்கள். கோளாறு அங்கே இல்லை. முதல் 30 நிமிஷத்தில் விதைக்காமல் விட்டதை எழுபதாவது நிமிஷத்தில் அறுக்கப் போனால் என்ன கிடைக்கும்?

வருத்தம் ஒரு மனநிலை. மனநிலையைப் படம் பிடிக்க முடியாது. பால்கனியில் நின்று சிகரெட் பிடிப்பான், மொட்டை மாடியில் நண்பனிடம் புலம்புவான், பழைய காதலியின் போட்டோவைப் பார்ப்பான். மூன்றுமே ஒரே சீன்தான். அதனால் முதல் வேலை, வருத்தத்தை ஒரு செயலாக மாற்றுவது. கையெழுத்துப் போட்டு, தேதி வாங்கி, பின்வாங்கினால் செலவாகும் ஒரு செயல். விவாகரத்து மனு அதற்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் கோர்ட்டைப் பின்னணி செட்டாக மட்டும் பயன்படுத்துகிறார்கள். சட்டத்துக்குள்ளேயே ஒரு திரைக்கதை இருப்பதை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

இந்து திருமணச் சட்டம், பிரிவு 13பி: இருவரும் ஒத்துக்கொண்டு கேட்கும் பரஸ்பர சம்மத விவாகரத்து. மனு போடும்போதே ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவோடு கோர்ட்டில் சம்மதம் சொல்வது முதல் மோஷன். மனு போட்ட நாளிலிருந்து ஆறு மாதம் காத்திருந்து, 18 மாதத்துக்குள் இரண்டாவது மோஷனுக்கு, அதாவது அந்தச் சம்மதத்தை மறுபடி உறுதிசெய்ய, இருவரும் வர வேண்டும். படத்துக்கு வேண்டிய கெடு கையில் கிடைத்துவிட்டது. இன்னும் ருசியானது 1991-ல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு விஷயங்கள். ஒன்று, பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு வீடு என்று கட்டாயமில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தால் போதும். இரண்டு, தீர்ப்பு வருவதற்குள் இருவரில் யார் வேண்டுமானாலும் தன் சம்மதத்தைத் தனியாகத் திரும்பப் பெறலாம். முதலாவது, வாடகைக்கும் பெற்றோருக்கும் பயந்து ஒரே வீட்டில் கோடு கிழித்து வாழும் இரண்டாம் பாதிக்கு அஸ்திவாரம். இரண்டாவது, அப்படியே கிளைமாக்ஸ். நீதிபதி “சம்மதம்தானா?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்கும் அந்தக் கேள்வி இருக்கும்போது, சென்ட்ரலில் ரயிலைத் துரத்துவது எதற்கு?

ஓர் எச்சரிக்கை. பார்க்கிறவர்களில் வக்கீல்களும் உண்டு. ஆறு மாதக் காத்திருப்பைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. மோஷனுக்கு முன்பே ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சம் போன்றவை பேசி முடிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் பார்க்கப்படும். எனவே உங்கள் ஜோடி பிரிந்து சரியாக ஒரு வருஷமும் சில நாளும் ஆகியிருக்கட்டும். ஓட்டை அடைபட்டுவிடும். ஜோடி கிறிஸ்தவர்கள் என்றால் சட்டமே வேறு, கணக்கும் வேறு. பெயர் வைப்பதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இது புதுசில்லை. 1986-ல் ‘மௌன ராகம்’ நின்றது இதே தூணில்தான். விவாகரத்துக் கேட்டுப் போன புதுத் தம்பதியை ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்வார் வக்கீல். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் மனு போட முடியாது என்கிற பிரிவு 14 அது. காதல் நகைச்சுவை என்று அதைச் சொல்ல மாட்டேன், ஆனால் எலும்புக்கூடு அதேதான். அதற்கு 49 வருஷம் முன்னால், 1937-ல், ஹாலிவுட்டில் லியோ மெக்கேரி ‘தி ஆஃபுல் ட்ரூத்’ எடுத்தார். விவாகரத்து கேட்கும் தம்பதியாக கேரி கிராண்ட், ஐரீன் டன். அதில் விவாகரத்துத் தீர்ப்பு அமலுக்கு வர 90 நாள். கடைசி நாள் இரவு 12 மணிக்குக் கெடு முடிகிறது. இருவரும் பக்கத்துப் பக்கத்து அறை, நடுவில் ஒழுங்காகச் சாத்தாத ஒரு கதவு. அந்தக் காலத்துத் தணிக்கை விதியில், கல்யாணமாகாதவர்களை இப்படிக் காட்டுவது பெரும்பாடு. இவர்களோ 12 அடிக்கும் வரை சட்டப்படி புருஷன் பெண்டாட்டி! தணிக்கையைத் தாண்ட வந்த தந்திரமே கதைக்கு இறுக்கமும் கொடுத்துவிட்டது.

கெடு மட்டும் போதாது. கெடு கதையைத் தள்ளும், அவ்வளவுதான். மனம் மாறியதை எதை வைத்துக் காட்டுவது? நம் இரண்டாம் பாதிகள் சரிகிற இடம் இதுதான். ஹீரோ பழசை நினைக்கிறான், மாண்டேஜ் ஓடுகிறது, பின்னணியில் ஒரு மெல்லிய குரல், பாட்டு முடிந்ததும் “நான் அவளை லவ் பண்றேன்டா” என்கிறான். பார்க்கிறவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால் மாண்டேஜில் வருவதெல்லாம் முதல் தடவையே இனிமையாக இருந்த காட்சிகள். முதல் தடவை எரிச்சலாக இருந்தது இரண்டாம் தடவை இனிக்க வேண்டும். ஒரே காட்சி, ஒரே பொருள், அர்த்தம் மட்டும் புரண்டிருக்க வேண்டும். இந்த வகைக் கதையில் நான் மதிப்பது இந்த ஒரு கலையைத்தான்.

உதாரணமாக, காலையில் அவள் மிக்ஸியைப் போடுகிறாள். அவன் தூக்கம் கெடுகிறது, கத்துகிறான். பதினைந்தாவது நிமிஷத்தில் இது வெறும் சிரிப்பு. எண்பதாவது நிமிஷத்தில், தனியாக இருக்கிற வீட்டில், அவன் ஆபீசுக்கு லேட்டாகிறான். ஒரு தடவை, இரண்டு தடவை. அவன் அலாரமே வைத்ததில்லை என்பது மூன்றாவது தடவைதான் நமக்கு உறைக்கிறது. அவன் சொல்லக்கூடாது, நண்பன் விளக்கக்கூடாது. கடையில் போய் அலாரம் கடிகாரம் கேட்கிறான், கடைக்காரர் காட்டுவதெல்லாம் “சத்தம் சரியில்லை” என்கிறான். அங்கே தியேட்டர் சிரிக்கும், கொஞ்சம் கலங்கவும் செய்யும்.

இப்படிப்பட்ட இரட்டைக் காட்சிகள் மூன்று வேண்டும், மிஞ்சிப்போனால் நான்கு. ஐந்தாவது வந்தால் பார்வையாளர் கணக்குப் பிள்ளை ஆகிவிடுவார், “அந்தக் குடை எப்ப வரும்?” என்று காத்திருப்பார். எல்லாமே முதல் 35 நிமிஷத்துக்குள் நடப்பட்டுவிட வேண்டும். நடும்போது ஜோக்காகவோ சண்டையாகவோ மட்டும் நட வேண்டும். அந்த இடத்தில் பின்னணி இசையில் ஒரு வயலின் எட்டிப் பார்த்தாலும் விஷயம் உடைந்துவிடும். மூன்றில் ஒன்றாவது மனைவியின் பக்கத்திலிருந்து புரள வேண்டும். அவள் தப்பாகக் கணக்குப் போட்ட ஒரு விஷயம் இல்லையென்றால் அது வருந்துகிற கணவனுக்கு நடத்தப்படும் பாராட்டு விழா.

மெக்கேரியின் படத்தில் இது ஒரு ஆரஞ்சுப் பழத்தில் இருக்கிறது. ஃபுளோரிடா போய் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் தோலைக் கறுக்க வைத்து, கூடை ஆரஞ்சோடு வீட்டுக்கு வருகிறான் கணவன். பழத்தில் கலிஃபோர்னியா முத்திரை! அவள் கேள்வி எதுவும் கேட்பதில்லை, பழத்தை அவனிடம் தூக்கிப்போடுகிறாள். அவளும் அன்று இரவு எங்கே இருந்தாள் என்பதற்கு, கார் ரிப்பேர் ஆனது என்று ஒரு கதை வைத்திருக்கிறாள். உண்மையில் அவன் எங்கே போயிருந்தான்? படம் கடைசி வரை சொல்வதே இல்லை. நம் ஊரில் ஒரு ஃபிளாஷ்பேக் வைத்து அவனை உத்தமனாக்காமல் விட மாட்டோம். விளக்கிவிட்டால் மன்னிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது என்பதை யோசிப்பதில்லை.

மூன்றாவது ஆள் விஷயத்திலும் இதே அவசரம்தான். அமெரிக்க மாப்பிள்ளை வருவான், நல்லவன் மாதிரி இருப்பான், கிளைமாக்ஸுக்கு 20 நிமிஷம் முன்னால் போனில் யாரிடமோ தப்பாகப் பேசி மாட்டுவான். போயே போச்சு. அவன் கெட்டவன் என்றால் அவள் திரும்பி வருவது தேர்வு இல்லை, தப்பித்தல். ஐரீன் டன்னைக் கட்டிக்கொள்ளத் துடிக்கும் ஓக்லஹோமாக்காரனைப் பாருங்கள். பணமுண்டு, மரியாதை உண்டு, அவள் மேல் உண்மையான ஆசை உண்டு. அவன் தான் எழுதிய கவிதையை வாசிக்கிறான். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கணவன் அவளைக் கிச்சுக்கிச்சு மூட்டுகிறான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. முடிந்தது. இவனோடு மரியாதையாக வாழலாம், சிரிக்க முடியாது என்பது வசனமே இல்லாமல் வந்துவிட்டது. மூன்றாவது ஆளுக்கு ஐந்து சீன் தாராளம். கணவனிடம் இல்லாத ஒரு நல்ல குணம் அவனிடம் இருக்கட்டும், அதைக் கணவன் பார்த்துப் பொறாமைப்படட்டும். விலகும் முடிவை அவனே எடுக்கட்டும்.

காலத்தில் பின்னோக்கிப் போய் ‘கல்யாணம் வேண்டாம்’ என்று சொல்லிப் பார்க்கும் மாய வகை தனி. 2020-ல் அஷ்வத் மாரிமுத்து இயக்கிய ‘ஓ மை கடவுளே’ அந்த வகையைத் தமிழில் சரியாகப் பிடித்தது. இரண்டாவது வாய்ப்பு, தங்க டிக்கெட், தோழி கல்யாணம் பேசிய அதே தருணத்துக்கே அவனைத் திரும்பக் கொண்டுபோய் விடுவது என்று விதிகள் தெளிவாக இருந்தன. இரட்டைக் காட்சி என்று மேலே சொன்னதை இந்த வகை இலவசமாகக் கொடுத்துவிடும், ஏனென்றால் முழுப் படமே இரண்டாம் தடவை. ஆனால் இதற்கு ஒரு பிறவிக் குறை உண்டு. பழைய வாழ்க்கை அவனுக்கு மட்டும்தான் நினைவிருக்கும், அவளுக்கு இல்லை. அவள் எதற்கு வருந்துவாள்? பாதிக் கல்யாணம்தான் பழுதுபார்க்கப்படும். இந்த வகையை எழுதுகிறவர்கள் அவளுக்கும் ஏதாவது ஒரு கசிவை வைத்தாக வேண்டும். காரணம் தெரியாத ஒரு பழக்கம், வராத ஒருவனுக்காக எடுத்துவைக்கும் ஒரு தட்டு, அந்த மாதிரி.

இடைவேளை பற்றி ஒரு வார்த்தை. 140 நிமிஷப் படம் என்றால் மனு 30-க்குள் விழட்டும். எழுபதில் ‘ஐயோ, நான் அவளைக் காதலிக்கிறேனே’ என்று நிறுத்துவது தற்கொலை. அடுத்த 70 நிமிஷமும் அவன் பின்னால் ஓடுவான், நாம் முன்னாலேயே போய் உட்கார்ந்திருப்போம். இடைவேளையில் அவன் கேட்டது கிடைக்கட்டும். முதல் மோஷன் முடிந்தது, ஆறு மாதம் கழித்து ஒரு தேதி, நண்பர்களோடு கொண்டாட்டம், முழு சந்தோஷம். அவனுக்கு உறைப்பது 105-க்கு மேல் வரட்டும். அவளுக்கு அது பத்து நிமிஷம் முன்னாலோ பின்னாலோ வரட்டும், ஒரே நேரத்தில் மட்டும் வேண்டாம்.

சாமான் பிரிக்கும் சீனை யாராவது முழுதாக எழுதுங்கள் என்பது என் தனிப்பட்ட கோரிக்கை. ஹாலிவுட்காரன் ஒரு நாய்க்காக நீதிபதி முன்னால் சண்டை போட வைத்தான். நம்மிடம் சீராக வந்த வெட் கிரைண்டர் இருக்கிறது, இரண்டு பேர் பெயரிலும் வீட்டுக் கடன் இருக்கிறது, ரேஷன் கார்டில் பெயர் நீக்கும் வேலை இருக்கிறது, மாமியார் மருமகளுக்குப் போட்ட வளையல் இருக்கிறது. இரண்டு பக்கத்து அம்மாக்களையும் லிஸ்ட்டோடு உட்காரவைத்தால் எட்டு நிமிஷம் தாராளமாக ஓடும். அந்த லிஸ்ட்டில் விட்டுப்போன ஒரு பொருளைத்தான் இரண்டாவது மோஷன் நாளில் அவள் கைப்பையிலிருந்து எடுத்து அவன் முன்னால் வைக்க வேண்டும்: கடையில் அவனுக்குச் சத்தம் சரியாக அமையாத அந்த அலாரத்துக்குப் பதில், மிக்ஸி ஜாரின் மூடி.